செக்பொயின்டில் ஒரு சிவப்பு எலி

போன கிழமை ஆமிக்காரர் முகத்தைப் பார்த்தே, ஆமி எலி என்று சொல்லிவிட்டேன். தெரியாமல்தான். ஆனாலும் சொல்லிவிட்டேனே!

நான் சொல்லச் சொல்ல எழுதுகிற மருமகள் இப்போதே சிரிக்கிறாள். எழுத்துத் தெரிந்தவளுக்கு என்ன கவலை?

என் மாமா, அதாவது என் வீட்டுக்காரர் இவருடைய வாப்பா, வெள்ளைக்காரன் காலத்து உலகச் சண்டையில் மிஸ்ர் என்கிற எகிப்து தேசத்துப் பாலைவனத்தில் லொறி ஓட்டினவர். பட்டாளத்துக்காரருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவர்கள் தோளில் தைத்திருந்த துணிச் சின்னங்களை வாங்கிச் சேர்த்தார். ஒட்டகம், ஈச்சமரம், சிவப்பு எலி... அந்த எலிச் சின்னத்துப் படைக்காரர் தங்களையே எலி என்றுதான் சொல்லிக்கொள்வார்களாம்!

சுனாமியில் வீடே போனது. சின்னங்கள் இருந்த பிஸ்கட் டின்னை மட்டும் இவர் மணலைக் கிண்டி எடுத்தார். கடல் தண்ணீரில் ஊறியும் எலியின் சிவப்பு இறங்கவில்லை. மருதமுனையில் ஆம்பிளைகள் இடுப்பில் உடுக்கிற சாரம் நெய்தவள் நான். சாயம் எனக்குத் தெரியும். சுப்ஹானல்லாஹ்!

ஒட்டகம் எங்களிடம் இரண்டு. அம்பாறையில் வேறொருவரும் இப்படிச் சேர்க்கிறாராம். ஒன்றைக் கொடுத்து வேறொன்று வாங்கலாமென்று இவர் டின்னோடு பஸ் ஏறினார். விடுவேனா? நானும் ஏறினேன்.

எங்கள் நாட்டுச் சண்டை முடிந்ததென்று ரேடியோ சொல்லிவிட்டது. செக்பொயின்டுக்கு யார் சொல்வது? எல்லாரையும் இறக்கினார்கள். டின்னைத் திறந்த ஆமிக்காரரின் முகம் மாறியது. சாரம் உடுத்த கிழவர் கையில் பட்டாளச் சின்னமா? இவருக்கு வாய் எழும்பவில்லை. டின்னும் போகும், மனிசனும் போவார் என்று நானே முன்னுக்கு வந்தேன்.

என்னிடம் இருப்பதோ சாரம் விற்ற சிங்களம். எலிப்படை என்று விளக்க நினைத்து, துணியைத் தொட்டு, “மஹத்தயா, ஹமுதாவ மீயா!” என்றேன். மஹத்தயா என்றால் ஐயா, ஹமுதாவ என்றால் ஆமி. மீயா என்றால் எலி.



“ஆமிய எலி எண்டு செல்லிப்போட்டியே புள்ள!” என்றார் இவர்.

“நீங்க வாயத் தொறந்திருந்தா நான் ஏன் கதைக்கன்?”

மீசை நரைத்த சார்ஜன்ட் ஒருவர் வந்தார். எலியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார். பஸ் கண்டக்டரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார்; கண்டக்டர் என் பக்கம் திரும்பினார்.

“உம்மா, அந்த மனிசன் ஊருக்குத் திரும்பி வந்தாரா எண்டு கேக்காரு.”

“ஓம் மகன், வந்தாரு. வந்து ஏழு புள்ள பெத்தாரு. இந்தா நிக்காரே, கடைசி!”

சார்ஜன்ட் சிரித்தார். பிறகு இல்லையென்று தலையை ஆட்டினார்.

“உங்கட மாமாவ இல்லயாம் உம்மா,” என்றார் கண்டக்டர். “இந்த எலியத் தோளுல போட்டிருந்த ஆளத்தான் கேக்காரு.”

சார்ஜன்ட் தன் தோளில் இருந்த சின்னத்தை ஒரு விரலால் தடவினார். டின்னை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.

படத்தையும் சாயத்தையும் நூலையும் தெரிந்து வைத்திருந்தோமே... அதைப் போட்டிருந்த ஆட்களைப் பற்றி மாமாவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒட்டகத்தை மாற்றினீர்களா என்று கேட்காதீர்கள். ஒட்டகத்தைத் தோளில் போட்டிருந்தவனுக்கும் ஒரு உம்மா இருந்திருப்பா.