பெட்டிக்கு எழுந்து நிற்காதே

நேற்றுக் காலை எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள், திடுதிப்பென்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொள்ளவில்லை, அது ஒன்றுதான் குறை. திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்திருந்தது. இந்தச் செயலி நம்பிக்கைக்குரியதாகக் குறிக்கப்படவில்லை, இது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் இதை இயக்குவது ஆபத்தாகலாம் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பெட்டிக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கோழியின் படம், கோழியின் வால் பக்கம் ஒரு பெருக்கல் குறி. பிள்ளைக்குப் பூனாகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம்தான் ஊர். என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அட கடவுளே, இன்னுமா?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. பெட்டியைச் சொல்லவில்லை நான். அவள் எழுந்து நின்றதைச் சொன்னேன்.

எனக்கு உடனே அண்ணியின் ஞாபகம் வந்தது. அண்ணி என் அண்ணனைக் கட்டிக்கொண்டு தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தவர். கல்யாணத்துக்கு முன்னால் கொழும்பில் கணினி பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலை செய்திருந்தார். ஆள் குள்ளம். குரல் மட்டும் அடுத்த மலைக்குக் கேட்கும். "இவ வந்த பொறகு வீட்டுக்கு ரேடியோவே வேணாம்" என்று அம்மா சொல்வார். நாத்தனார் என்ற முறைக்கு நானும் அவரும் போடாத சண்டை இல்லை. சோற்றுக்கு உப்புப் போதாது என்பதில் தொடங்கி, தேர்தலில் யாருக்குப் போடுவது என்பது வரை போட்டிருக்கிறோம். அண்ணி தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். சிலசமயம் முயலுக்கு உண்மையாகவே மூன்று கால்தான் இருந்துவிடும், அதுதான் எரிச்சல்.

வேலைக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவை எங்கள் தோட்டத்தில் வேறிடத்தில் புதிதாகக் கட்டினார்கள். பழைய கட்டடம் சும்மா கிடந்தது. அண்ணி தோட்டத்து ஒப்பீசுக்கு நடையாய் நடந்து, தோட்டத்தை நடத்தும் துரையோடு வாதாடி, அதன் சாவியை வாங்கினார். கொழும்பு அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினிகளை ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. எல்லாம் கிழடுகள். எல்லாரும் பாவிக்கிற மென்பொருளை ஏற்றினால் மூச்சு வாங்கி நின்றுவிடும். அண்ணிதான் அவற்றில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டார். அதன் பிறகு அவை குளிர்காலத்தில்கூட ஒரு சத்தமில்லாமல் ஓடின. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் பரீட்சை முடிந்து வீட்டில் இருந்த காலத்தில் அங்கே வந்தார்கள். அண்ணி அவர்களுக்குப் பெரிய மிஸ், நான் சின்ன மிஸ்.

பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது தமிழ்த் தட்டச்சு. அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை கேட்டுப் போனால் திரைக்கு முன்னால் உட்காரவைத்துத் தமிழில் அடிக்கச் சொல்வார்கள். நிறுவனம் தந்த பாடங்களில் ஆங்கிலம் இருந்தது, சிங்களம் இருந்தது, தமிழைக் காணோம். கேட்டால் வரும் என்றார்கள். மழை வந்தது, பனி வந்தது, அது வரவில்லை. பிறகு நான் வீட்டில் அண்ணனுடைய பழைய மடிக்கணினியில் உட்கார்ந்து ஒரு சின்னச் செயலி எழுதினேன். மேலிருந்து எழுத்துகள் நெல்மணி மாதிரி விழும், சரியான விசையைத் தட்டினால் ஒரு சிவப்புக் கோழி வந்து கொத்தித் தின்னும். தவறாகத் தட்டினால் கோழி முறைத்துப் பார்க்கும். பிள்ளைகள் அதற்குக் கோழி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "மிஸ், கோழிய தொறக்கவா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். விழுந்து விழுந்து படித்தார்கள் என்று சொன்னால் பொய்யில்லை.

கோழியில் ஒரு தொல்லை இருந்தது. காம்பராவில் இணையம் கிடையாது. நான் வீட்டில் ஏதாவது திருத்தினால் பென் டிரைவில் போட்டு எடுத்துவந்து ஒவ்வொரு கணினியிலும் ஏற்ற வேண்டும். பென் டிரைவில் ஏறி இறங்கியதும், இதை இயக்கலாம் என்று நாங்கள் முன்பு கொடுத்திருந்த அனுமதி கோழியை விட்டுப் போய்விடும். புதிதாக வந்த எதையும் லினக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விடாது. கோழியின் வாலில் பெருக்கல் குறி விழும், திறந்தால் அந்தப் பெட்டி வரும். முதல் தடவை அது வந்தபோது நான் கதவுப் பக்கம் நின்றிருந்தேன். ஒரு பிள்ளை எழுந்தாள், பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள், பிறகு வரிசையாக எல்லாரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கணினிக்குப் பக்கத்தில் நின்றார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது அம்மாமார் நிற்பார்களே, அதே நிலை. ஒப்பீஸ் வாசலில் துரை கூப்பிடும்வரை அப்பாமார் நிற்பார்களே, அதே நிலை. மேலிடத்திலிருந்து ஒரு சத்தம் வந்தால் எழுந்து ஒதுங்கி நிற்க வேண்டும், யாராவது வந்து உத்தரவு கொடுப்பார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்தே பழகியிருந்தார்கள்.

அண்ணிக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "உக்காருங்கடி எல்லாம்!" என்று ஒரு சத்தம் போட்டார். "பொட்டி கேள்வி கேக்குது. கேட்டா பதில் சொல்லணும். எந்திரிச்சு நிக்க அது என்ன தொரையா? மனுசங்க வந்தா எந்திரிங்க, வணக்கம் சொல்லுங்க, அது மரியாத. பொட்டிக்கு எவளாச்சும் எந்திரிச்சீங்க, கால ஒடிச்சிருவேன்." பிள்ளைகள் பயந்துபோய் உட்கார்ந்தார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்தது. பிறகு அண்ணியும் சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து அது ஒரு பாடமாயிற்று. பெட்டி வந்தால் முதலில் வாய்விட்டு வாசிக்க வேண்டும். பிறகு அதை மூடிவிட்டு, கோழியின் கோப்பை எழுத்துத் திருத்தியில் திறந்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெயர் என்ன, படம் எங்கே இருக்கிறது, தட்டினால் எதை ஓட்டும். மூன்றும் விளங்கினால் வலது பக்கம் சொடுக்கி, பண்புகளுக்குப் போய், இயக்க அனுமதி கொடுக்கலாம். விளங்காவிட்டால் விளங்கும்வரை தொடக்கூடாது. "மிஸ், பேசாம இந்த எச்சரிக்கையவே நிப்பாட்டிட்டா என்ன?" என்று ஒருத்தி கேட்டாள். "வாசல்ல நாய் கொலைக்குது. நீ என்ன செய்வ?" என்றார் அண்ணி. "எட்டிப் பார்ப்பேன் மிஸ்." "அவ்வளவுதான். வீட்ட விட்டு ஓடவும் மாட்ட, நாயக் கொல்லவும் மாட்ட. தெரியாத ஆளுன்னுதான் நாய் சொல்லுது. கள்ளன்னு சொல்லல." ஒருமுறை பதுளையில் பாட்டு ஏற்றி வந்த பென் டிரைவில் பாட்டு மாதிரியே பெயர் வைத்த ஒன்று இருந்தது. பிள்ளைகள் திறந்து வாசித்தார்கள். பாட்டே இல்லை, எங்கிருந்தோ எதையோ இறக்கச் சொல்லும் கட்டளைதான் இருந்தது. அதை அவர்களே தூக்கி எறிந்தார்கள்.

தெரியாத ஆள், எங்கிருந்து வந்ததோ. இந்த வார்த்தைகள் எனக்கு உறைத்ததற்குக் காரணம் கணினி இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இந்த மலையில் பிறந்து, இந்த மலையில் உழைத்து, எந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லாமல் பல காலம் இருந்தவர்கள். எங்கிருந்து வந்தீர்கள் என்ற கேள்வியை அவர்கள் நின்றுகொண்டே காதில் வாங்கினார்கள், நின்றுகொண்டே பதில் சொன்னார்கள். அண்ணி இதையெல்லாம் வகுப்பில் பேசியதில்லை. உட்காருங்கள் என்பார், அத்தோடு சரி.

பிறகு அந்தத் தொண்டு நிறுவனத்து அதிகாரி வந்தார். கணினிகள் எங்களிடமே இருப்பதா, வேறு இடத்துக்குப் போவதா என்பது அவர் கையில் இருந்தது. கொழும்புத் தமிழர், மரியாதையான மனிதர், தப்புச் சொல்ல முடியாது. அவர் உள்ளே வந்ததும் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். முந்தின நாள்தான் நான் கோழியில் ஒரு திருத்தம் செய்து ஏற்றியிருந்தேன், அனுமதி கொடுக்க நேரம் இருக்கவில்லை. மேட்டு லயத்துப் பிள்ளை ஒருத்தி கோழியைத் திறந்தாள். பெட்டி வந்தது. அதிகாரி குனிந்து வாசித்தார், முகம் மாறியது. "அன்ட்ரஸ்டட், நம்பேலாது என்று போட்டிருக்கே. என்னத்தை ஏத்தி வைச்சிருக்கிறீங்க? எழும்புங்க தங்கச்சி, நான் பார்க்கிறன்" என்று நாற்காலியின் முதுகில் கையை வைத்தார்.

எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழவில்லை. நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டாள். "நான் உக்காந்தே காட்டுறேன் சேர்" என்றாள். பெட்டியை மூடினாள், கோப்பைத் திறந்தாள், வரி வரியாக வாசித்தாள். "இது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாட்டித்தான் ஆபத்துன்னு போட்டிருக்கு சேர். எங்களுக்குத் தெரியும். இத எழுதுனது அந்தா நிக்கிறாங்களே, எங்க சின்ன மிஸ்." பிறகு அனுமதி கொடுத்தாள். கோழி வந்து கொத்த ஆரம்பித்தது.

அதிகாரிக்கு விளங்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே விளங்கியது. வெளியே வந்து அண்ணியிடம், பிள்ளை கெட்டிக்காரி என்றும் சொன்னார். ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். நிறுவனம் தந்ததைத் தவிர வேறு எதுவும் கணினியில் இருக்கக்கூடாது என்பது விதி. "அந்தக் கோழியை அழிச்சுப்போடுங்க மிஸ். மெசினெல்லாம் இங்கேயே இருக்கும், நான் பொறுப்பு" என்றார். "தமிழ்ப் பாடம் குடுங்க, அழிச்சுர்றேன்" என்றார் அண்ணி. இல்லை என்றார் அவர். "அப்ப கோழி இருக்கும்" என்றார் அண்ணி.

அன்று வீட்டில் நான் அண்ணியோடு போட்ட சண்டை சாதாரணச் சண்டை இல்லை. எழுதியவள் நான், நானே சொல்கிறேன், அழித்துவிடுங்கள் என்றேன். பிள்ளைகளுக்குக் கணினியே இல்லாமல் போனால் கோழியை எங்கே வைத்துக் கொத்தவிடுவது என்று கேட்டேன். பிடிவாதக்காரி என்றும் சொன்னேன், அதைவிட மோசமாகவும் சொன்னேன். அண்ணி ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார், கடைசியில் மாவை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அந்தப் புள்ள இன்னைக்கு எந்திரிக்கல. பார்த்தல்ல? நாளைக்கி நான் போயி அத அழிச்சா, எந்திரிச்சிரு, நீ முன்ன எந்திரிச்சு நின்னதுதான் சரின்னு நானே சொன்ன மாதிரி. நாம எழுதுனத நாமளே நம்பலன்னா வேற எவன் நம்புவான்?" அதைக் கேட்டதற்காக என் கோபம் தணிந்துவிடவில்லை.

சில வாரங்களில் நிறுவனத்தின் லொறி வந்தது. நல்ல கணினிகளை எல்லாம் ஏற்றினார்கள். பழுதென்று எழுதிவைத்திருந்த இரண்டை மட்டும் மூலையில் விட்டுப் போனார்கள். லொறி கீழ் வளைவு தாண்டும்வரை அண்ணி வாசலில் நின்று பார்த்தார், அழுதார், சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்தார். பிறகு உள்ளே போய் அந்த இரண்டையும் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவை ஓடின. பிள்ளைகள் முறை வைத்து வந்தார்கள். ஒருத்தி அடிக்கும்போது மற்றவர்கள் மேசைமேல் விரலால் அடித்துப் பழகினார்கள். சில பிள்ளைகள் வராமலே போனார்கள், அந்தக் கணக்கு லொறியோடு போய்ச் சேரட்டும், அண்ணியின் தலையில் நான் அதைப் போட மாட்டேன். மேட்டு லயத்துப் பிள்ளை தட்டச்சில் தேறினாள். இன்றைக்கு மொனராகலையில் ஓர் அலுவலகத்தில், தனக்கென்று ஒரு நாற்காலியில் இருக்கிறாள். எதிர்த்து நின்றதால் என்ன கிடைத்தது என்று அப்போது கேட்டவர்கள் அங்கே போய்ப் பார்க்கலாம்.

அண்ணனுக்கு வேலை மாறி அண்ணியும் இப்போது மொனராகலையில்தான் இருக்கிறார். வெயில் தாங்கவில்லை என்று தினம் புலம்புகிறார். நான் பதுளையில் தமிழ்த் தட்டச்சும் கணினியும் பார்க்கும் வேலைக்கு வந்து, முதல் வேலையாகக் கோழியைக் கொண்டுவந்து ஏற்றினேன். சென்ற கிழமை எங்களுக்கு லினக்ஸைப் புதிதாகப் போட்டுத் தந்தார்கள். கோழியைத் திரும்ப ஏற்றினேன், அதன் வாலில் திரும்பவும் பெருக்கல் குறி. வருடங்கள் போய்விட்டன, அதற்கு இன்னும் எங்களைத் தெரியவில்லை. தெரியாமல் போகட்டும். கேட்கட்டும். கேட்கிற ஒவ்வொரு தடவையும் சொல்வோம்.

பூனாகலைப் பிள்ளை நின்றுகொண்டே, "மிஸ், இதுக்கு யார்கிட்ட உத்தரவு கேக்கணும்?" என்றாள். "அது உன்கிட்டத்தான் கேக்குது" என்றேன். "மொதல்ல உக்காரு." அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், பிறகு நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். பெட்டியை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். தட்டுத் தடுமாறி வாசித்தாள். பெருக்கல் குறியோடு இருந்த கோழியை நான் தொலைபேசியில் படம் பிடித்து அண்ணிக்கு அனுப்பினேன். பழைய எதிரியைப் பார்த்துச் சிரிப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. கோழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"புள்ள உக்காந்திருக்கா, நிக்கிறாளா?"

"உக்காந்திருக்கா அண்ணி" என்று எழுதி அனுப்பினேன்.