ராகு காலத்தில் ஒரு சர்வர்

எங்கள் கல்லூரித் தாளாளர் பேனா வாங்குவதற்குக்கூட நல்ல நேரம் பார்ப்பார். அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் நான், அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அவர் முன்னால் போய் நின்றேன்.

"டைரக்டரி சர்வர்ல ஒரு ஓட்டைன்னு அறிவிப்பு வந்திருக்கு சார். உடனே அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். பதினொரு மணிக்கு லேப் எக்ஸாம் இருக்கு, அதுக்குள்ள முடிச்சிருவேன்."

அவர் காலண்டரைப் பார்த்தார். "ராகு காலம் தம்பி. பன்னெண்டுக்கு மேல கை வைங்க."

"எக்ஸாமே ராகு காலத்துலதான சார் நடக்குது?"

"அது பல்கலைக்கழகம் வச்சது. இது நாமளா கை வைக்கிறது. சரி, வெளியிலேர்ந்து யாரும் அதத் தொட முடியாதுல்ல?"

"முடியாது சார்" என்றேன். பச்சைப் பொய்.

எல்லாருடைய கடவுச்சொல்லும் இருக்கிற சர்வர் அது. ஓட்டை இதுதான்: நினைவகத்தில் ஒரு இடத்தைக் காலி செய்துவிட்டு, அதை மறந்து மறுபடி அங்கேயே போகும். பஸ்ஸிலிருந்து இறங்கிப்போனவர் திரும்பி வந்து, பழைய சீட் என்று யார் மடியிலோ உட்காருவதுபோல. வேண்டுமென்றே அப்படி உட்கார வைத்து சர்வரையே விழவைக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கந்தர்வக்கோட்டையிலிருந்து பைக்கில் வரச் சோம்பல்பட்டு, வீட்டிலிருந்தே பார்க்க அதற்கு வெளிவழி திறந்து வைத்திருந்தவன் நான்தான். இணைய லைன் கொடுக்கும் கம்பெனியில் அப்போதிருந்த நண்பர், வாய்ச்சொல்லுக்கே திறந்துவிட்டார்.

அந்த வழியை அவர்களால்தான் மூட முடியும் என்று ஓடிப்போய் அந்தக் கம்பெனிக்கு போன் போட்டேன். புது ஆள் எடுத்தார்.

"மூடிரலாம் சார். ஒரு மெயில் போடுங்க, ஒங்க தாளாளருக்கும் காப்பி வச்சு."

மெயில் போட்டால் என் பொய் வெளியே வரும். போடாவிட்டால் வழி திறந்தே கிடக்கும். ஏசி அறையில் சட்டை நனைய உட்கார்ந்திருந்தேன். பதினொன்று நாற்பதுக்கு சர்வர் விழுந்தது.

லேபில் எல்லாத் திரைகளும் கடவுச்சொல் கேட்டு நின்றன. முதல் வரிசைப் பெண் எழுந்து, "சார், நான் எழுதுனது இருக்குமா?" என்றாள். இருக்காது. எனக்குத் தெரியும். "பாக்குறேன்மா" என்றேன்.

தாளாளர் வந்து என் தோளில் கை வைத்தார். "நல்ல வேளை, நீங்க கை வைக்கல. வச்சிருந்தா பழி ஒங்க மேலல்ல வந்திருக்கும்!"

அந்தப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, சார் என்ன பண்ணுவாங்க" என்றாள். கூசிப்போனேன்.

பன்னிரண்டுக்கு மேல் அப்டேட் போட்டேன். சர்வரின் லாக் பதிவில், விழுவதற்கு முந்தைய கடைசிக் கோரிக்கை வெளி முகவரியிலிருந்து வந்திருந்தது. மெயிலும் அன்றைக்கே எழுதி டிராஃப்டில் வைத்துவிட்டேன். தாளாளரின் முகவரியை மட்டும் இன்னும் சேர்க்கவில்லை.