நாற்பத்தோரு டேங்க்

செஞ்சியில் டேங்க் என்றால் தண்ணீர்த் தொட்டிதான். மாடியில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் தெருமுனையில் நாலு கால் வைத்து நிற்கும். சண்டைக்குப் போகிற டேங்க் ஊரில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்த பீமாராவ். கிணற்று மோட்டாரும் போர்வெல் மோட்டாரும் காயில் எரிந்து போனால் வல்லத்திலிருந்தும் தொண்டூரிலிருந்தும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். தண்ணீர் பிழைப்பில் இருக்கிற மனுஷன் டேங்க் சேர்க்கிறார் என்றால் ஊர் என்ன நினைக்கும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த யோசனை வந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

அவர் சேர்த்தது உள்ளங்கை அளவு உலோக டேங்குகள். ஷெர்மன், சர்ச்சில், டைகர், செஞ்சுரியன் என்று ஒன்பது வருஷத்தில் நாற்பத்தொன்று. பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வேலூருக்குப் போனவர் அவர். மூச்சை இழுத்து நெஞ்சை ஐந்து சென்டிமீட்டர் விரிக்கச் சொன்னார்கள். நாலுதான் விரிந்தது. அந்த ஒரு சென்டிமீட்டரை ஐம்பத்திரண்டு வயதில் பார்சல் பார்சலாக வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது பீமாராவுக்கே தெரியும். சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

பார்சல் வந்தால் வீட்டில் "பேரிங்" என்று சொல்லிவிடுவார்.

"இத்தினி பேரிங்க எந்த மோட்டாருக்குப் போட்டீங்க?" என்று மனைவி ஜெயஸ்ரீ கேட்ட நாளிலிருந்து அந்தப் பொய்யும் செல்லுபடியாகவில்லை.

கொல்லைப்புறம் நின்றால் மலைமேல் ராஜகிரிக் கோட்டை தெரியும். எந்த டேங்க் அதில் ஏறும் என்று ஒரு மழைநாள் முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒன்றுகூடப் பாதிப் படி தாண்டாது. ஆக, அவர் பக்கத்துக் கோட்டையைக்கூடப் பிடிக்க முடியாத நாற்பத்தோரு டேங்குகளுக்குத் தளபதி.

அந்தப் படை முகாமிட்டிருந்தது ஜெயஸ்ரீயின் ஷோகேசில். அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்த தேக்கு ஷோகேஸ் அது. அதில் இருக்க வேண்டிய எவர்சில்வர் பாத்திரங்கள் ஒன்பது வருஷமாகச் சாக்குமூட்டைக்குள் பரணில் கிடந்தன. இந்தப் பங்குனியில் அவள் பொறுமை தீர்ந்தது.

"சித்திர பொறக்கறதுக்குள்ள, வெளியாளு ஒருத்தர், ஒரே ஒருத்தர் போதும், தானா வந்து 'ஒங்க டேங்க காட்டுங்க'ன்னு கேக்கட்டும். ஷோகேஸ நான் கேக்கவே மாட்டேன். யாரும் வரலன்னா இதுங்க பரணுக்குப் போவுது, என் பாத்திரம் கீழ வருது. சரியா?"

"சரி" என்றார் பீமாராவ். சொன்ன பிறகுதான் யோசித்தார். ஒன்பது வருஷத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் ஷோகேசைப் பார்த்து "பேரப்பசங்களுக்கா?" என்று கேட்டதோடு சரி. அவருக்குப் பேரப்பிள்ளையே கிடையாது.

விஷயத்தைப் பக்கத்து மெத்தைக்கடை அன்வர் பாஷாவிடம் சொல்லிப் புலம்பினார். "இத வுடு, நான் பாத்துக்கறேன்" என்றார் அன்வர். டீக்கடை, ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டு என்று போகிற இடமெல்லாம், "பீமாராவ் வீட்டுல நாப்பத்தோரு டேங்க் இருக்குது தெரியுமா? போய்ப் பாருங்க" என்று சொல்லி வைத்தார். நண்பர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அதே வாரம்தான் பின்தெருவின் பொது போர்வெல் மோட்டார் எரிந்துபோய் பீமாராவ் கடைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு நாள் வேலை. பழைய காயிலை அவிழ்த்து முடித்த நேரத்தில் அன்வர் ஓடி வந்தார்.

"பீமா! ஞாயித்துக்கெழம காலைல வராங்கப்பா. இருவது பேரு. எல்லாம் லேடீஸ்!"

"லேடீஸா?"

"ஆமாம்பா. எத்தினி டேங்கு, எத்தினி டேங்குன்னு ரெண்டு தபா கேட்டு நிச்சயம் பண்ணிக்கினாங்க."

அந்த நேரத்தில் அளந்திருந்தால் நெஞ்சு ஏழு சென்டிமீட்டர் விரிந்திருக்கும். மோட்டாரை ஓரமாகத் தள்ளினார். மூன்று நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு டேங்குக்கும் பெயர், நாடு, வருஷம் எழுதி, வெட்டி, ஒட்டினார். பேசுவதற்கு இரண்டு பக்கம் தயாரித்து மனப்பாடம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இருபது பேர் என்றதும் ஜெயஸ்ரீயே கொஞ்சம் அசந்துபோய்த்தான் இருந்தாள். டீ போடட்டுமா என்று கேட்டாள்.

எட்டு மணிக்கு வந்தார்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று ஆளுக்கு இரண்டு பிளாஸ்டிக் குடம். தண்ணீருக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று பீமாராவ் நினைத்துக்கொண்டார். மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டால் கண் என்னதான் பார்க்கும்! எல்லோரையும் கூடத்துக்குள் அழைத்து நிறுத்தினார்.

"வணக்கம். டேங்கின் வரலாறு முதல் உலகப் போரில்..."

"டேங்க் எங்க தம்பி?" என்றாள் முன்னால் நின்ற பவுனம்மாள். வல்லம் பக்கம் அறுவடை வேலைக்குப் போகிறவள்.

"இதோ இருக்குதுக்கா" என்று ஷோகேசைக் காட்டினார்.

பவுனம்மாள் குனிந்து பார்த்தாள். பின்னால் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"இதுல எத்தினி கொடம் தம்பி புடிக்கும்?"

கூடம் முழுக்கச் சிரித்தது. பீமாராவுக்கு அப்போதுதான் குடங்கள் குடங்களாகத் தெரிந்தன. சிரிப்போடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பின்னால் நின்ற தைலம்மாள் சிரிக்கவில்லை.

"எங்க தெரு மோட்டாரு ஒங்க கடைலதான கெடக்குது? அஞ்சு நாளாச்சு. இன்னா பண்றீங்க?"

"வேல நடக்குதுங்க..."

தைலம்மாள் டேங்குகளில் ஒட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இந்த வேலயா?"

பீமாராவ் காது சூடாகித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பட்டாளத்து ஆளெடுப்பில் நெஞ்சு விரியாத அன்றுகூட இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஜெயஸ்ரீதான் முன்னால் வந்து, "கொல்லப்பக்கம் வாங்க, மாடி டேங்க்ல இருக்கறத புடிச்சிக்கலாம்" என்று கூட்டிப்போனாள். இருபது பேரும் ஷோகேசைக் கடந்து வரிசையில் போனார்கள். தொட்டி கடைசிச் சொட்டுவரை காலியானது. நாற்பத்தோரு டேங்க் இருந்த வீட்டில் அன்று குளிக்கத் தண்ணீர் இல்லை.

சலவைச் சட்டையோடேயே பீமாராவ் கடைக்குப் போனார். மறுநாள் மத்தியானத்துக்குள் கம்பி சுற்றி, தானே போய் மோட்டாரை இறக்கி, தண்ணீர் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"நான் டேங்குன்னுதானப்பா சொன்னேன்" என்று அன்வர் கலங்கிப் போய் நின்றார்.

"நீ சரியாத்தான் சொன்ன பாய்."

சித்திரை பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனால் கெடுவரை காத்திருக்க அவருக்கு முகம் இல்லை. டேங்குகளைப் பழைய துணியில் சுற்றி, சீட்டோடு சேர்த்து, சாக்கில் கட்டித் தானே பரணில் ஏற்றினார். எவர்சில்வர் கீழே வந்தது. ஜெயஸ்ரீ புளி போட்டுத் துலக்கி அடுக்கினாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வருஷப் பிறப்புக்கு முதல்நாள் சாயங்காலம் பவுனம்மாள் வந்தாள்.

"தண்ணி வரலியாக்கா?" என்று பதறி எழுந்தார் பீமாராவ்.

"அதெல்லாம் வருது. அன்னிக்கி ஒன்னு பாத்தேன் தம்பி. பச்சையா, மூஞ்சி சரிவா, அகல செயினு. எங்க கழனிக்கு அறுப்புக்கு வருமே செயின் வண்டி, அதே மாதிரி. டயரு வண்டி சேத்துல எறங்கிக்கும், செயின் வண்டி மேலாலயே போயிடும். இதுவும் அதுக்குத்தானா செயினு? அத இன்னொரு தபா காட்டேன்."

பீமாராவ் அவள் கைகளைப் பார்த்தார். குடம் இல்லை. ஒன்பது வருஷம் காத்திருந்த கேள்வி எதிரே வந்து நிற்கிறது. இரண்டு பக்கப் பேச்சில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. "ஆமாங்க்கா, சேத்துக்குத்தான்" என்றார். அவ்வளவுதான் வந்தது.

"பரண்ல கெடக்குதுக்கா, தேடணும்..." என்று இழுத்தார்.

அதற்குள் ஜெயஸ்ரீ ஸ்டூலைப் போட்டு ஏறியிருந்தாள். சாக்கைப் பிரித்து, துணிச் சுருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எதையும் அவிழ்க்கவில்லை. ஏழாவதோ எட்டாவதோ ஒன்றை எடுத்து வந்து பவுனம்மாள் கையில் பிரித்து வைத்தாள். அதே பச்சை, அதே சரிந்த முகம், அதே அகலச் செயின்.

"டி முப்பத்திநாலு. ரஷ்யாக்காரன் வண்டிக்கா" என்றாள்.

பீமாராவ் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒம்போது வருஷமா வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம இதுங்கள தொடச்சது யாரு? அடியில பொறிச்சிருக்கற பேர படிச்சது யாரு? நீங்களா?" என்றாள் ஜெயஸ்ரீ. டேங்கில் ஒட்டியிருந்த சீட்டை விரலால் தட்டிக் காட்டினாள். "மூணு நாளு மோட்டார போட்டுட்டு ஒக்காந்து எழுதுனீங்களே, பாருங்க. டி நாப்பத்திமூணாம்."

பீமாராவ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் கையெழுத்துதான். இருபது பேர் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி அவர் காட்டியது இதைத்தான். பவுனம்மாள் செயினை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். ஜெயஸ்ரீ ஷோகேசைத் திறந்து, மேல்தட்டிலிருந்த டம்ளர்களை ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். வெளியாள் ஒருத்தர் வரவேண்டும் என்று இத்தனை வருஷம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த தன் புத்தியை நினைத்து அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

சீட்டைத் திருத்த அவர் பேனா தேடிக்கொண்டு போனார்.