மரத்துப்போன வலது கால்

குழித்தறியில் உட்காருகிறவர்களுக்குக் கால் மரத்துப்போவது தும்மல் மாதிரி. பிள்ளையார்பாளையத்தில் அதற்கெல்லாம் யாரும் டாக்டரிடம் போவதில்லை. குழியிலிருந்து காலைத் தூக்கி நாலு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி மிதிக்க வேண்டியதுதான்.

அதனால்தான் அன்று காலை என் வீட்டுக்காரர் வலது காலைத் தூக்க முடியாமல் திணறியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் நெய்வார், பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாக்கட்டையைத் தள்ளுவது என் வேலை. கொஞ்ச நேரத்தில் அவர் வலது கையிலிருந்த நாடா நழுவி விழுந்தது. "இன்னாயா, தூக்கமா?" என்று கத்தினேன். ஏதோ சொன்னார், குழறியது. "பாக்கைத் துப்பிட்டுப் பேசு" என்றேன். வாயில் பாக்கே இல்லை.

என் சத்தம் கேட்டு அடுத்த போர்ஷனிலிருந்து ஓரகத்தி எட்டிப்பார்த்தாள். "அக்கா, மாமாவுக்கு வாய் ஒரு பக்கமா இழுத்துக்கினு இருக்குது. ஆட்டோ கூப்பிடட்டா?"

எனக்கும் அவளுக்கும் எப்போதுமே ஆகாது. "ஒண்ணுமில்ல, குழியில உட்காந்த மரமரப்பு. நீ உன் வேலையைப் பாரு" என்றேன். நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேய்த்துப் படுக்கவைத்தேன். விசாரித்த தெருக்காரர்களிடமும் அதையே சொன்னேன், ஒண்ணுமில்ல. சாயங்காலம் எழுந்திருக்கப் பார்த்துத் தொப்பென்று விழுந்தார். அப்புறம்தான் இந்த மகராசிக்குப் புத்தி வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டது, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?"

"காலைல பத்து மணிக்கு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூளையின் இடப்பக்கத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டதாம். வலது கை காலை ஆட்டுவது அந்தப் பக்கம்தானாம், பேச்சும் அங்கேதானாம். நாலரை மணி நேரத்துக்குள் வந்திருந்தால் கட்டியைக் கரைக்க ஊசி போட்டுப் பார்த்திருக்கலாமாம். "ஏம்மா இவ்ளோ லேட்டு?" என்றார். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

எட்டு மாதமாயிற்று. காலை இழுத்து இழுத்து நடக்கிறார். வலது கை மடங்கியது மடங்கியதுதான். ஓரகத்தி தினமும் கஞ்சி கொண்டுவருகிறாள். அன்னிக்கே சொன்னேனே என்று ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்தாலாவது சண்டை போட்டு ஆற்றிக்கொள்வேன்.

நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது. பதில்தான் வருவதில்லை. சிலருக்கு ஒரே ஒரு வார்த்தை தங்கிவிடுமாம். இவருக்கும் ஒன்று தங்கியிருக்கிறது. பசிக்குதா என்றாலும் அதேதான், வலிக்குதா என்றாலும் அதேதான்.

நேற்று அவர் கையை நீவிக்கொண்டே கேட்டேன், "என் மேல கோவமாயா?"

என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், "ஒண்ணுமில்ல."