நானே கூட்டிக்கொண்ட மாத்திரை

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய்க்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவள் நான். போன வருஷம் தினமும் சாயங்காலம் காய்ச்சலும் இருமலும் வந்தன. லூபஸ்தான் மறுபடி கூடிவிட்டது என்று நினைத்து மாத்திரை அளவை நானே கூட்டிக்கொண்டேன். மூன்றே வாரத்தில் உடம்பு உருகிவிட்டது.

காந்திபுரத்து டாக்டர் சளியைச் சோதித்தார். "காசநோய்ங்க அம்மணி. நீங்க சாப்பிடற மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சுப்போடும். சளி சுத்தமாகற வரைக்கும் குழந்தை பக்கத்துல வேண்டாங்க" என்றார்.

மூன்று வயது மகளை நாத்தனார் தன் ஊரான கொடுமுடிக்கு அழைத்துப் போனார். "அம்மா, எப்ப வாரீங்க?" என்று போனில் கேட்பாள். போனைக் கணவரிடம் கொடுத்துவிடுவேன். அவள் தலையணையை மோந்துகொண்டே படுத்திருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து, சளி சுத்தமானதும் கூட்டிவரப் போனபோது, என்னைக் கண்டதும் மகள் நாத்தனார் பின்னால் ஒளிந்துகொண்டாள். மடிக்கு வர அரைநாள் ஆனது.

இப்போதெல்லாம் மாத்திரை அளவை நானாக மாற்றுவதில்லை. காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுகிறேன். இன்னொரு முறை மகளைப் பிரிந்திருக்க என்னால் ஆகாது.