பஞ்சாங்கம் பார்த்துக் கொடுத்த படிவம்

அடியார்களே, இதை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். என் மனுசன் இவரைச் சொல்லவிட்டால் என்னைத் திட்டுவதிலேயே நேரம் போய்விடும்.

2005ஆம் ஆண்டு ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்து எட்மண்டனில் குடியேறினோம். மகள் ஆரணிக்கு எட்டு வயது. அவள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்றுதான் இவர் அங்கிருந்த நல்ல வேலையை விட்டார். சமைக்கிற நேரம் எங்கள் குசினி யன்னலைத் திறந்தால் நேரே ஒரு பள்ளிக்கூட முற்றம் தெரியும். அந்த செப்டம்பரில் புதிதாகத் திறக்கவிருந்த பள்ளிக்கூடம் அது. நாலு வயதிலிருந்து பதினாலு வயதுவரை ஒரே இடத்தில் படிக்கலாம். அரசாங்கச் செலவில் நடப்பதால் கட்டணம் இல்லை. உள்ளூர் நகரசபையான கவுன்சிலின் கீழ் இல்லாமல் தனி நிர்வாகம் பார்ப்பதால் படிவத்தை அவர்களிடமே கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இவர் படிவத்தை நிரப்பி என் கையில் தந்தார். “புதன்கிழமை பின்னேரத்துக்குள்ளை குடுத்துப்போடு. மறந்து போகாதை” என்று சொல்லிவிட்டு பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்டுக்குப் போனார்.

நான் மறக்கவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். திங்கள் அஷ்டமி. செவ்வாய் நவமி. புதன் மரணயோகம். பிள்ளையின் படிப்புக் காரியத்தை இப்படியான நாளிலா தொடங்குவது? படிவத்தை முருகன் படத்தடியில் வைத்து, மேலே ஒரு பூவும் வைத்தேன். இரண்டு நாள் பிந்தினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழிய, தலை முழுகி, திருநீறு பூசிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அலுவலகத்தில் இருந்த பெண் சிரித்த முகத்துடன் வாங்கி, படிவத்தின் மேல்மூலையில் ஏதோ எழுதினாள். நல்ல சகுனம் என்று சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

அவள் எழுதியது ‘பிந்தி வந்தது’ என்று பிறகுதான் தெரிந்தது. வகுப்பு நிரம்பிவிட்டதாகக் கடிதம் வந்தது. வீடு பக்கத்தில் என்பதால் காத்திருப்போர் பட்டியலில் எங்களுக்கு முதலிடம். ஆனால் யாராவது ஒரு பிள்ளை விலகினால்தான் இடம்.

இவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். “முருகன் என்ன, அட்மிஷன் ஒஃபிசரே?” என்று கேட்டார்.

செப்டம்பர் வந்தது. மணி அடித்தது. என் பிள்ளை வீட்டில் இருந்தாள். கவுன்சிலைக் கேட்டால் பக்கத்தில் எங்கும் இடமில்லை, எழுதுகிறோம் என்றார்கள். எழுதவில்லை. எனக்கு ஜெர்மன் தெரியும், ஆங்கிலம் தெரியாது. ரெலிபோனில் ஒருவர் பேசினால் ‘யெஸ்’ என்பதைத் தவிர ஒன்றும் வராது. ஆரணி ஒவ்வொரு நாளும் குசினி யன்னலில் நின்று பிள்ளைகள் வரிசையாகப் போவதைப் பார்ப்பாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். அவள் யன்னலுக்கு வராமல் விட்ட அன்றைக்கு நான் குழறி அழுதேன்.

ஐப்பசியில் இவர் ஒரு முடிவோடு வந்தார். “கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் இடம் கிடைக்காட்டி, பிள்ளையை ஜெர்மனியிலை இருக்கிற என்ரை அக்காவிட்டை அனுப்புவம். பழைய பள்ளிக்கூடத்திலை படிக்கட்டும். இப்படி வைச்சிருக்க ஏலாது.”

பெற்ற பிள்ளையைப் பிரிவதா? ஆனால் மறுத்துப் பேச எனக்கு வாயில்லை. படிவத்தைப் பிந்திக் கொடுத்தவள் நான்தானே.

அந்தக் கிழமை கந்தசஷ்டி தொடங்கியது. ஆறு நாளும் ஒரு நேரப் பாலோடு விரதம் இருந்தேன். ஆர்ச்வே ஸ்டேஷனில் இறங்கி, மேடு ஏறி, தினமும் கோயிலில் முருகன் சந்நிதியில் நின்றேன். “ஒரு இடம் தா” என்பதுதான் என் மன்றாட்டம்.

மூன்றாம் நாள் காலை யன்னலால் பார்த்தேன். ஆரணி படிக்க வேண்டிய வகுப்பின் வரிசையில், தினமும் சிவப்புப் பையோடு முன்னால் நிற்கும் கறுப்பினப் பிள்ளையைக் காணவில்லை. அடுத்த நாளும் இல்லை. அடியார்களே, சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் மனம் துள்ளியது. அந்தப் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் வருத்தமாக இருக்குமோ, இனி வரமாட்டாளோ என்று நான் ஆசையோடு நினைத்தேன். விரதம் இருந்துகொண்டே அப்படி நினைத்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நான் கேட்டது இதைத்தானே? ஒரு இடம் தா என்றால், ஒரு பிள்ளையை எடு என்றுதானே அர்த்தம்?

அன்று சந்நிதியில் எனக்கு எதுவும் கேட்க வரவில்லை. “முருகா, அந்தப் பிள்ளை சுகமாக வரவேணும். என்ரை பிள்ளையை நீ பார்த்துக்கொள்” என்று மட்டும் சொன்னேன். ஆறாம் நாள், சூரன்போர் அன்று காலை சிவப்புப் பை மறுபடி வரிசையில் நின்றது. எனக்கு வந்த ஆறுதலைச் சொல்ல முடியாது. அதே நேரம், இனி வழியில்லை என்றும் விளங்கியது. ஆரணியின் உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினேன்.

விளக்கீட்டுக்கு நாலு நாள் இருக்க, ரெலிபோன் அடித்தது. ஷிப்ட் முடிந்து நித்திரையாயிருந்த இவரை எழுப்பிக் கொடுத்தேன். “யெஸ்... யெஸ்...” என்றவர் என் பக்கம் திரும்பினார். “கட்டின பெட்டியை அவிழ். நாளைக்குப் பள்ளிக்கூடம்” என்றார்.

மறுநாள் மூவருமாகப் பள்ளிக்கூடம் போனோம். வரிசையில் சிவப்புப் பை இல்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது? என் நினைப்புப் பலித்துவிட்டதா? வாசலில் அழுதபடி நின்ற என்னை ஒரு பெண் தொட்டாள். பக்கத்தில் அந்தப் பிள்ளை, கையில் அதே சிவப்புப் பை, வாயில் ஒரு லொலிபொப். தாயும் மகளும் லைப்ரரிப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்கள்.

அவள் சொன்னதை இவர் எனக்கு மொழிபெயர்த்தார். கானா நாட்டவள். ஏழு வருடமாகக் குடும்பத்தோடு ஒரே அறையில் இருந்தவள். கவுன்சில் வீடு கிடைத்துவிட்டது, தூரத்தில்தான், மகளுக்கும் இனி அங்கேதான் பள்ளிக்கூடம், ஆனால் பின்னால் தோட்டம் இருக்கிறதாம். “நான் ஒவ்வொரு நாளும் கர்த்தரைக் கேட்டன்” என்றாளாம். ஆரணியிடம் பள்ளிக்கூட உடுப்பு இல்லாததைக் கண்டு, தன் மகளின் ஜம்பர் என்ற கம்பளி மேற்சட்டையைப் பைக்குள் இருந்து எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். கழுத்துப் பக்கம் உள்ளே ‘அபீனா’ என்று பெயர் தைத்திருந்தது.

இன்று நானும் ஆங்கிலம் படித்து, கோயிலுக்கு வருகிற தாய்மாருக்குப் படிவம் நிரப்ப நான்தான் உதவி. பஞ்சாங்கத்தை எடுத்தால் பறித்துவிடுவேன். நல்ல நாளுக்குக் காத்திராதீர்கள். உங்கள் வேலையை அன்றே முடித்துவிட்டு, மிச்சத்தை முருகன் காலடியில் வையுங்கள். நாம் அறியாத வழி அவனுக்குத் தெரியும். கேட்கும்போது மற்றவர் பிள்ளைக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆரணி வளர்ந்து, அந்த ஜம்பர் எப்போதோ சின்னதாகிவிட்டது. பெயர்த் தையலை நான் பிரிக்கவில்லை. விளக்கு வைக்கும்போது இரண்டு பிள்ளைகளின் பெயரையும் சொல்லித்தான் கும்பிடுகிறேன்.