தேங்காய் மட்டைக்கு மேலே இருந்த மண்

நான் மண் திருடியிருக்கிறேன். வரப்பை நகர்த்தி அடுத்தவன் நிலத்தைச் சேர்த்துக்கொள்வார்களே, அந்தத் திருட்டு இல்லை. கூடையில் அள்ளி, இடுப்பில் சுமந்து வந்து, என் வீட்டுப் பாத்தியில் கொட்டிய மண். எங்கள் பக்கத்துக் கரிசல்காட்டுச் சனங்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே மண்ணுக்குப் பஞ்சமில்லை. கடற்கரையில் குடியிருந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். தேவிபட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர் வேலை கிடைத்தது. மதுரையில் படித்து முடித்த கையோடு கல்யாணம், கல்யாணம் முடிந்த கையோடு இந்த ஊர். என் மனைவி அபிராமத்துக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண். வாடகை வீட்டுக்கு வந்த அன்றே கொல்லையில் இறங்கி ஒரு கை மண்ணை அள்ளிப் பார்த்தாள். விரலிடுக்கு வழியாக எல்லாம் ஒழுகிப் போயிற்று.

"இதுல என்னத்தப் போட்டு என்னத்த எடுக்க" என்று கையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வெறும் மணல். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய சுவடு தெரியாது. அந்த ஊரில் மீனுக்குக் குறைவில்லை. காய்கறி மட்டும் இராமநாதபுரத்திலிருந்து பஸ் கூரையில் வெயில் குடித்துக்கொண்டு வரவேண்டும். வந்து சேரும்போது கத்தரிக்காய் கிழவி முகம் மாதிரி இருக்கும்.

எங்கள் கொல்லைக்கும் அடுத்த கொல்லைக்கும் நடுவே ஒரு பனைமட்டை வேலி. அந்த வேலிக்கு அப்பால் மண் கறுப்பாக இருந்தது. நாலைந்து கட்டில் போடும் அளவு இடந்தான். அதில் கத்தரி, வெண்டை, பந்தலில் பீர்க்கு, ஓரத்தில் கீரை. அந்த வீட்டு அம்மாளைத் தெருவே லாத்தா என்று கூப்பிட்டது. முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அதுதான் சொல். என் மூத்த அக்காவின் வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. கணவர் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். ஆண்டுக்கு ஒருமுறை வந்து போவார். லாத்தா என்னைத் தம்பி என்பார், என் மனைவியைத் தங்கச்சி என்பார்.

அந்தக் கறுப்பு மண் அங்கே இருந்த மண் இல்லை. அவர் உண்டாக்கியது. முழங்கால் ஆழத்துக்கு மணலை எடுத்துவிட்டு, அடியில் தேங்காய் மட்டைகளை நெருக்கி அடுக்கியிருந்தார். ஊற்றுகிற தண்ணீரை மட்டை பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேலே வண்டல். கோடையில் மேற்கே கண்மாய்கள் வற்றியதும் சம்சாரிகள் வண்டல் அள்ளிப் போவார்கள். விறகு விற்க வருகிற வண்டிக்காரரிடம் சொல்லிவைத்து, விறகுக்கு அடியில் ஒவ்வொரு சாக்காக அந்த வண்டலை வரவழைத்திருக்கிறார். அதோடு அடுப்புச் சாம்பல், ஆட்டுப் புழுக்கை, பூவரச இலை, இறால் தோல். கரையில் ஒதுங்கும் பாசியைக்கூட அள்ளி வந்து, ஒரு மழைக்காலம் முழுக்க வெளியில் போட்டு, உப்பு கழுவிப் போன பிறகு புதைப்பார். வீட்டுக் கிணறு உப்புக் கரிக்கும் என்பதால் அந்தத் தண்ணீரைச் செடிக்கு விடமாட்டார். நாங்கள் குடிப்பதற்கு எடுக்கும் மணல் ஊற்றிலிருந்துதான் அதற்கும் குடம் குடமாகக் கொண்டுவருவார்.

எத்தனை வருட வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

"அவுக மொதத் தடவ கப்பலேறுன வருசம் ஆரம்பிச்சேன் தம்பி. கணக்குப் பாத்தா என் வயசு தெரிஞ்சிரும், விடுங்க" என்றார்.

நானும் ஒரு தோட்டம் போட்டேன். புத்தகத்தில் படித்ததை எல்லாம் செய்தேன். வெள்ளை உரம் வாங்கி வந்து மணலில் தூவினேன். நாற்றின் இலை ஓரமெல்லாம் நெருப்பில் காட்டினாற்போல் கருகியது. அதற்குள் தலைமையாசிரியரிடம் வாயை விட்டிருந்தேன். மணலிலும் காய்கறி விளைவிக்கலாம் சார், விஞ்ஞான முறைதான் வேண்டும் என்று. கோடை விடுமுறை கழிந்து மேலதிகாரி பார்வையிட வரும்போது உங்கள் வீட்டுத் தோட்டத்தைக் காட்டுவோம் என்று அவர் சொல்லிவிட்டார்.

மாசி மாதம் லாத்தாவின் கணவர் நெஞ்சு நோயோடு கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடாயிற்று. புறப்படுகிற அன்று காலையில் லாத்தா வேலியருகே வந்து நின்றார்.

"எத்தன மாசம் ஆகும்னு தெரியல தம்பி. இனிமே இவுகளுக்கு மீனு, கருவாடு எதுவும் ஆகாதுங்கறாக. பச்சக் காயாக் குடுங்கன்னா இந்தக் கரையில நான் எங்கன போவேன்? இந்தத் தோட்டம் இருக்கு, அந்தத் தைரியந்தான். நீங்க தண்ணி மட்டும் ஊத்துங்க. காயப் பறிச்சுச் சாப்பிடுங்க. மண்ண மட்டும் காயப் போட்டுராதீங்க."

"போயிட்டு வாங்க லாத்தா. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளவும் செய்தேன். ஊற்றுக்கு நடை அதிகம். பங்குனியில் வெயில் ஏறியதும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று, பிறகு நினைத்தபோது. என் மனைவி தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீடு போய்விட்டாள். அவள் இருந்திருந்தால் என்னை விரட்டியிருப்பாள். செடிகள் காய்ந்தன. வேலி சாய்ந்த இடத்தில் ஆடுகள் நுழைந்து மிச்சத்தையும் தின்றுவிட்டுப் போயின.

முதலில் நாற்றங்காலுக்கு என்று ஒரே ஒரு கூடை எடுத்தேன். அந்த நாற்று வளர்ந்த விதத்தைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. செடி செத்த இடத்தில் மண் சும்மாதானே கிடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைவிடக் கேவலமான ஒன்றையும் நினைத்தேன். அந்த மனிதர் பிழைப்பது சந்தேகம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர் இல்லாமல் போனால் லாத்தா இந்த ஊருக்கு எதற்குத் திரும்பி வரப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு மனிதனின் சாவைக் கூடையும் கையுமாக எதிர்பார்த்து நின்றிருக்கிறேன். மண்ணை எடுத்ததைவிட இதை எழுதத்தான் கை கூசுகிறது.

சித்திரை விடுமுறையில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர் அசந்து கிடக்கும் நேரத்தில், சாய்ந்த வேலி வழியாக அள்ளினேன். அங்கே பள்ளம் தெரியாமல் இருக்கக் கரை மணலைக் கொண்டுபோய்க் கொட்டி மட்டம் செய்தேன். அடியில் இருந்த மட்டைகளை எடுக்கவில்லை. அவற்றால் எனக்கு உபயோகமில்லை என்று விட்டுவிட்டேன்.

அதிகாரி ஆடி பிறந்ததும் வந்தார். என் கொல்லையில் கத்தரி கை கொள்ளாமல் காய்த்திருந்தது. இலைகள் கரும்பச்சையாக, பூச்சி இல்லாமல் நின்றன. அவர் குனிந்து மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்து, "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டார். நான் சொன்னேன். மட்டை அடுக்குவதைச் சொன்னேன், வண்டலைச் சொன்னேன், சாம்பலையும் இறால் தோலையும் சொன்னேன். பாசியை ஒரு மழைக்காலம் வெளியே போட்டு உப்பு நீக்கியதையும் என் அனுபவமாகவே சொன்னேன். அந்தப் பாசியை நான் ஒருநாளும் தொட்டது கிடையாது. தலைமையாசிரியருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அன்றைக்கு எனக்கு வெட்கமே வரவில்லை. அதைத்தான் இப்போது நம்ப முடியவில்லை.

ஆடிக் கடைசியில் லாத்தாவின் கணவர் பிழைத்து எழுந்துவிட்டார் என்றும் அந்த வாரமே ஊர் வருகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட வேண்டிய செய்தி. நான் கொல்லைக்கு ஓடினேன். என் பாத்திகளின் மேல் காய்ந்த இலைகளைக் கனமாகப் பரப்பினேன். ஈரம் காக்க இப்படி மூடாக்குப் போட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் போட்டது மண்ணின் நிறத்தை மறைக்க.

லாத்தா வந்து இறங்கியதும் கொல்லையைத்தான் பார்த்தார். வெறும் மணல். ஆடிக் காற்று இன்னும் வீசிக்கொண்டிருந்தது.

"காத்து லாத்தா. இந்த வருசம் ரொம்ப அடிச்சிருச்சு. மணலக் கொண்டாந்து கொட்டிருச்சு" என்றேன். செடி செத்ததற்கு மன்னிப்பும் கேட்டேன்.

"செடி போனாப் போகுது தம்பி, வெத இருக்கு. மண்ணு அடியிலதான கெடக்கும், எங்க போயிரும்?" என்று சொல்லி முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார்.

நான் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? "குடுங்க லாத்தா" என்று வாங்கி வெட்டினேன். அவர் கூடையில் அள்ளி அந்தண்டை கொட்டினார். அவருடைய கணவர் பின்வாசலில் கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தாலும் பேச்சுக் குறையவில்லை.

"வாத்தியார் நல்லாத்தான் வெட்டுறாக. நான் என்னமோ சாக்பீசு புடிக்கிற கைன்னு நெனச்சேன். எங்கன பழகுனீக?"

"தோட்டத்துல வேல செஞ்சு பழக்கந்தான் பாய்."

"பாத்துக்க. நமக்கு ஒரு ஆளு சிக்கிட்டாரு" என்று லாத்தாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு இருமினார்.

"இன்னங் கொஞ்சம் தம்பி. இந்தா வந்துரும்" என்று லாத்தா சொல்லிக்கொண்டே இருந்தார். கறுப்பு வரும் வரும் என்று குனிந்து குனிந்து பார்த்தார். எனக்குத் தெரியும், வராது என்று. தெரிந்தே வெட்டினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பாரோ என்று வெட்டினேன்.

மண்வெட்டி மட்டையில் பட்டது. அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும்.

லாத்தா உட்கார்ந்து கையாலேயே மணலை ஒதுக்கினார். மட்டைகள் அவர் அடுக்கியபடியே வரிசையாக இருந்தன. நார் இடுக்கில் மட்டும் கறுப்பு ஒட்டியிருந்தது. அவர் அதை நகத்தால் சுரண்டி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். காற்று மேலே மணலைக் கொட்டியிருக்கலாம். மேலே கிடந்த மணலுக்கும் கீழே கிடந்த மட்டைக்கும் நடுவிலிருந்த மண்ணை மட்டும் எந்தக் காற்று எடுத்துக்கொண்டு போகும்? நான் விஞ்ஞான வாத்தியார். இது எனக்குத் தோன்றாமலே போயிற்று.

அவர் என் வேலியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட நான் ஏதாவது சொல்லியிருப்பேன். என் கையைத்தான் பார்த்தார்.

"என்ன, மண்ணு வந்துருச்சா?" என்று கட்டிலிலிருந்து கேட்டார் கணவர்.

"இல்ல. காத்து கொண்டுபோயிருச்சு" என்றார் லாத்தா. எழுந்து மணலைத் தட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். "போதும் சார். வெயில்ல நிக்காதீங்க."

அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாளே அத்தனையையும் திருப்பிக் கொட்டியிருக்கலாம். கொட்டினால் எடுத்தவன் நான் என்று ஆகிவிடும். தெரிந்துவிட்ட ஒருவரிடமே தெரியாதது போல நடப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. காய்களைப் பறித்து அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். லாத்தா வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் கணவருக்குக் காய் வேண்டும், அந்த ஊரில் வேறு காய் இல்லை. தன் மண்ணில் விளைந்ததை என் கையிலிருந்து வாங்கிக் கணவருக்குச் சமைத்துப் போட்டார். அந்த மனிதர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அல்லா ஒங்களுக்குக் கொறையில்லாமக் குடுப்பான் வாத்தியாரே" என்பார்.

புரட்டாசியில் என் மனைவி குழந்தையோடு வந்தாள். தோட்டத்தைப் பார்த்து மலைத்துப் போனாள். "எங்க அய்யா பாக்கணும் இத" என்றாள். நான் செய்தேன் என்றேன். அவளிடமும் அப்படித்தான் சொன்னேன். லாத்தாவின் மண்ணைக் காற்று கொண்டுபோயிற்று என்றும் சொன்னேன்.

ஒருநாள் காலையில் அடுத்த வீட்டு வாசலில் விறகு வண்டி நின்றது. விறகை இறக்கிவிட்டு வண்டிக்காரர் அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துப் போட்டார். லாத்தா மறுபடியும் ஆரம்பித்திருந்தார். வேலி வழியாக என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பெரிய குழிக்கு ஒரு சாக்கு எந்த மூலைக்கு? நம்மகிட்டத்தான் இம்புட்டு மண்ணு கெடக்குல்ல, ரெண்டு கூடை அள்ளிக் குடுத்தா என்ன? நாம காய் குடுத்து எத்தன நாளைக்கு?" என்றாள்.

மறுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இலைகளை ஒதுக்கி இரண்டு கூடை அள்ளினேன். நான் ஒன்றைத் தூக்கிக்கொண்டேன், அவள் ஒன்றைத் தூக்கிக்கொண்டாள். லாத்தா குழிக்குள் நின்று மட்டைகளைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"லாத்தா, இத மொதல்ல போடுங்க. இவுக பாடுபட்டுச் சேத்த மண்ணு" என்றாள் என் மனைவி.

லாத்தா கூடையை வாங்கி, ஒரு கை அள்ளி, விரலால் கிளறிப் பார்த்தார். அதில் இறால் தோல் துணுக்கு ஒன்று இருந்தது.

"தெரியுது தங்கச்சி" என்றார். இரண்டு கூடையையும் மட்டையின் மேல் கவிழ்த்து, கையால் தட்டிப் பரப்பினார். பிறகு நிமிர்ந்து, "பெரிய ஒதவி சார்" என்றார்.

வெறுங்கூடைகளோடு திரும்பி வரும்போது என் மனைவி கேட்டாள். "ஒங்களத் தம்பி தம்பின்னுதான கூப்பிடுவாக. இப்ப என்ன சாருன்னு?"

"மரியாதைக்குத்தான்" என்றேன்.